ஐ7 ஸ்டிக்கரும் தீபாவளி போனஸும்

திருப்பூரில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் நண்பர் ஒருவர் சில காலமாக ஒரு வாதத்தை ஊர் முழுக்கப் பரப்பிக்கொண்டிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே வாதத்தை அதே சொற்களில் ஒப்பிக்கும் கடைக்காரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும்போது ஒருவரை மட்டும் சந்தியில் நிறுத்துவது நியாயமாகாது.

வாதம் இதுதான். பிளேஸ்டேஷன் 2 வெளிவந்தது 2000-ஆம் ஆண்டு. அதன் பிராசசர் வேகம் சுமார் 294 மெகாஹெர்ட்ஸ், ராம் 32 எம்.பி. இவர் விற்கும் டப்பாவிலோ ஐ7 பிராசசர், 3.4 கிகாஹெர்ட்ஸ், 16 ஜிபி ராம், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. வேகத்தில் பதினோரு மடங்கு, ராமில் ஐந்நூறு மடங்கு. ஆகவே பிளேஸ்டேஷன் 2 ஆட்டம் எதுவானாலும், அந்த இயந்திரத்தைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் பறக்கும். பறக்கவில்லை என்றால் செட்டிங் வைக்கத் தெரியாதது வாங்கியவர் குற்றம்.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. எண்கள் சரி, வகுத்த விதமும் சரி. முடிவு மட்டும் தப்பு. அந்தத் தப்பான முடிவுக்கு விலை கொடுக்கிறவர் யார் என்று பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும், பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கும் அம்மாவும் பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் அப்பாவும் பையனுக்கென்று ஒதுக்கும் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம்தான் இந்தக் கடைகளின் சீசன் வியாபாரம். பையன் கேட்டது ஒரு பழைய பிளேஸ்டேஷன் ஆட்டம். கடை கொடுத்தது ஒரு ஸ்டிக்கர். பொங்கலுக்குள் அந்த டப்பா என்னைப் போன்ற பழுதுபார்க்கிறவன் மேசைக்கு வந்துவிடுகிறது, "அண்ணா, லேக் ஆகுதுங்க" என்ற புகாரோடு. பழுது என்று பார்க்க அதில் ஒன்றும் இருப்பதில்லை.

அந்தப் பதினோரு மடங்கை முதலில் உரித்துப் பார்ப்போம். பிளேஸ்டேஷன் 2-க்குள் இருந்தது ஒரே ஒரு பிராசசர் என்று நண்பர் நினைத்துக்கொண்டிருக்கிறார். எமோஷன் எஞ்சின் என்ற பெரிய சில்லு, அதற்குள்ளேயே வெக்டர் யூனிட் இரண்டு, படம் வரைய கிராபிக்ஸ் சிந்தசைசர் என்று தனியாக ஒன்று, ஒலிக்கு வேறொன்று, டிஸ்க்கையும் கண்ட்ரோலரையும் கவனிக்க முதல் பிளேஸ்டேஷனின் பழைய பிராசசரே எடுபிடியாக இன்னொன்று. இத்தனையும் ஒரே சமயத்தில், ஒன்றையொன்று எதிர்பார்த்து, தாளம் தப்பாமல் ஓடிய இயந்திரம் அது. எமுலேட்டர் இந்த முழுக் கூட்டத்தையும் மென்பொருளாலேயே நடித்துக் காட்ட வேண்டும். அந்த இயந்திரத்தின் கட்டளைகளை நம் இன்டெல், ஏ.எம்.டி. சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக ஆட்டம் ஓட ஓடவே மொழிபெயர்க்க வேண்டும். அங்கே ஒரு கட்டளையாக இருந்தது இங்கே ஐந்தாகவோ பத்தாகவோ பெருகும். தசம எண்களைக் கையாளுவதில்கூட அந்த இயந்திரம் நம் கம்ப்யூட்டர்களின் பொது வழக்கப்படி நடக்காது. விளிம்பில் வரும் எண்களைப் பிடித்துத் திருத்தாவிட்டால் பாத்திரங்களின் கைகால் திசைக்கொன்றாகப் பறக்கும். அந்தத் திருத்தமும் கூடுதல் வேலை. இவ்வளவையும் நொடிக்கு 60 ஃப்ரேம் ஆட்டத்தில் ஒவ்வொரு 16.67 மில்லிசெகண்டுக்குள்ளும் முடித்தாக வேண்டும். ஒரு தடவை 20 ஆனால் படம் உதறும், ஒலி விக்கும்.

ஆகவே எமுலேட்டர் விஷயத்தில் மெகாஹெர்ட்ஸை மெகாஹெர்ட்ஸால் வகுப்பது பொருளற்ற வேலை. நண்பருக்கு இதில் சந்தேகம் இருந்தால் ஓர் உதாரணம் தருகிறேன். சூப்பர் நிண்டெண்டோ 1990-ல் ஜப்பானில் வந்த இயந்திரம். அதன் பிராசசர் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். பியு என்ற புனைபெயரில் இயங்கிய நிரலாளர் அதற்கு பிஎஸ்நெஸ் என்ற எமுலேட்டரை எழுதினார். துல்லியத்தில் சமரசமே செய்யாமல் எழுதியதால், அதை முழு வேகத்தில் ஓட்ட 3 கிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது என்று 2011-ல் அவரே விளக்கி எழுதினார். எண்ணூறு மடங்குக்கு மேல்! அதே ஆட்டங்களை, அங்கங்கே குறுக்கு வழி பிடிக்கும் பழைய எமுலேட்டர்கள் சில நூறு மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக்காட்டின. ஒரே ஆட்டம், ஒரே மூல இயந்திரம், தேவையோ மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது. எமுலேட்டர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது. நண்பரின் பதினோரு மடங்கை எங்கே வைப்பது?

அடுத்தது அவருடைய செல்லப் பிள்ளை: ஐ7. "நாலு கோர், எட்டு த்ரெட்" என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு கம்பீரம் ஏறும். இவ்வளவுக்கும் கடை வைப்பதற்கு முன் பவர் டேபிள் என்ற தையல் பட்டறை நடத்தியவர் அவர். அவர் மொழியிலேயே பேசுகிறேன். ஒரு லைனில் டி ஷர்ட் ஓடுகிறது. ஓவர்லாக்கில் தோள் கூட்டி, கை ஏற்றி, சைடு அடித்து முடித்ததும் பேட்லாக்குக்கு வருகிறது. அங்கே கை மடிப்பும் அடி மடிப்பும். ஓவர்லாக் பத்து மெஷின் இருக்கிறது, பேட்லாக் ஒன்றே ஒன்று. சாயங்காலம் எத்தனை பீஸ் செக்கிங்குக்குப் போகும்? அந்த ஒற்றை பேட்லாக் டெய்லர் முடித்தது எத்தனையோ அத்தனைதான். ஓவர்லாக்கை இருபதாக்கினால் அவர் பக்கத்தில் குவியும் பீஸ் பெருகுமே தவிர, ஒரு பீஸ்கூட அதிகமாக வெளியே போகாது. உற்பத்தி ஏற வேண்டுமானால் அந்த மெஷினில் இன்னும் வேகமான கை உட்கார வேண்டும். இதை லைன் சூப்பர்வைசராக வந்து ஒரு வாரமான பையனும் சொல்வான்.

பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்களை ஓட்டும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் நடப்பது இதேதான். எமோஷன் எஞ்சின் வேலை பெரும்பாலும் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வேலை வரிசையில், ஓடுகிறது. படம் வரைவதற்கு இன்னொன்று. வசதியை இயக்கினால் வெக்டர் யூனிட் ஒன்றுக்கு மூன்றாவது. அவ்வளவுதான். மிச்சமிருக்கும் கோர்கள் பெரும்பாலும் சும்மா நிற்கும். முதல் த்ரெட் தாமதித்தால் மற்றவை காத்திருக்கும். எனவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கோர் என்பது இல்லை. ஒரு கோர் தனியாக எவ்வளவு வேகம் என்பது. அந்த எமுலேட்டரை எழுதுகிறவர்களே பிராசசரின் ஒற்றை த்ரெட் மதிப்பெண்ணைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். நண்பரின் கடையில் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

ஐ7 என்ற பெயரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இன்டெல் அந்தப் பெயரை வைத்து முதல் சில்லை விற்றது 2008 நவம்பரில். அதே பெயரோடு 14-ஆம் ஜெனரேஷன் வந்தது 2023-ல். பதினைந்து ஆண்டுச் சரக்கு ஒரே ஸ்டிக்கருக்குள் இருக்கிறது. கார்ப்பரேட் ஆபீஸ்களிலிருந்து கழித்துக்கட்டி நம் ஊருக்கு மொத்தமாக வரும் டப்பாக்களில் அடிக்கடி பார்ப்பது ஐ7 2600, 2011-ல் வந்தது. 2022-ல் வந்த ஐ3 12100-ஐ அதன் பக்கத்தில் வையுங்கள். கோர் இரண்டிலும் நாலுதான். ஒற்றை கோர் வேகத்தில் அந்த எளிய ஐ3 ஏறத்தாழ இரண்டு மடங்கு. மேலும், எமுலேட்டர்களுக்கு உதவும் ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுதி ஐ7 2600-ல் கிடையாது. அது 2013-ல் ஹாஸ்வெல் வரிசையோடு வந்தது. லேப்டாப் ஐ7 கதை இன்னும் மோசம். ஐ7 5500யு என்ற சில்லில் இருப்பது இரண்டே கோர், 15 வாட்டுக்குள் அடக்கி வாசிக்கும் சில்லு. ஸ்டிக்கரில் யு என்ற எழுத்து இருக்காது. அதைத் தேட பிராசசரின் முழுப் பெயரைத் திறந்து பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2014-ல் பென்டியம் ஜி3258 என்று ஒரு சில்லு வந்தது. இரண்டே கோர், அமெரிக்காவில் 72 டாலர். நிண்டெண்டோவின் கேம்கியூப், வீ ஆட்டங்களை ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரில் அது, எட்டு கோரும் 4 கிகாஹெர்ட்ஸும் கொண்ட ஏ.எம்.டி. எஃப்எக்ஸ் 8350-ஐ ஓரங்கட்டியது. கோர் எண்ணிக்கையிலும் தோல்வி, கிகாஹெர்ட்ஸிலும் தோல்வி, ஆட்டத்தில் வெற்றி. நண்பரின் கணக்குப்படி இது நடந்திருக்கவே கூடாது.

நேர்மைக்காக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கோர் எண்ணிக்கை முக்கியமாகும் இடமும் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3-ல் இருந்த செல் பிராசசர், முதன்மைக் கோர் ஒன்றோடு ஆட்டங்களுக்கென்று ஆறு துணைக் கோர்களையும் தந்தது. அதை நடித்துக்காட்டும் ஆர்பிசிஎஸ்3 எமுலேட்டர் கோர்களை அள்ளி விழுங்கும். ஆறு, எட்டு இருந்தால் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் இதுவும் நண்பருக்குச் சாதகமில்லை. அவர் விற்கும் நாலு கோர் பழைய சரக்கு அங்கே ஆரம்பத்திலேயே மூச்சு வாங்கும். எந்த கன்சோல், எந்த எமுலேட்டர், எந்த ஆட்டம் என்று கேட்காமலேயே "கேம் ஓடும்" என்று சொல்லும் வாயைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கலாம், ஏனென்றால் இதில் வாதம் என்றே ஒன்று இல்லை. "2 ஜிபி கார்டு" என்பது கார்டில் எவ்வளவு நினைவகம் என்று சொல்கிறது; எவ்வளவு வேகம் என்று சொல்வதில்லை. நம் கடைகளில் அந்தப் பெயரில் பெரும்பாலும் வருவது ஜிடி 710. அதன் டிடிஆர்3 வகையில் நினைவகப் போக்குவரத்து நொடிக்கு 14.4 ஜிபி. பிளேஸ்டேஷன் 2-ன் கிராபிக்ஸ் சிந்தசைசருக்குள் இருந்த நினைவகம் வெறும் 4 எம்.பி.தான், போக்குவரத்தோ நொடிக்கு 48 ஜிபி. புகை, தூசி, ஒளிவட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைவதற்கு அந்தக் கால ஆட்டங்கள் இந்த அகலத்தைத்தான் நம்பின. நண்பர் கேலி செய்யும் அந்தக் கிழட்டு இயந்திரத்திடம் இந்த ஒரு விஷயத்தில் அவருடைய "2 ஜிபி கார்டு" மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ராமைப் பற்றி அதைவிடக் குறைவாகச் சொன்னால் போதும்: பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டருக்கு 8 ஜிபியே தாராளம். 16 என்பது விலைச்சீட்டுக்கு அழகு. கார்டு இல்லாமல் பிராசசரோடு வரும் கிராபிக்ஸையே நம்பும் டப்பாவாக இருந்தால், ஒரே 8 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 4 ஜிபி ஸ்டிக்குகள் மேல். அதை மட்டும் கேட்டுப் பாருங்கள், கடையில் எத்தனை பேருக்குக் காரணம் தெரிகிறது என்று.

இனி, நண்பரின் கடைசி அஸ்திரம். "ஓட்டியே காட்டுறனே சாமி, மூலையில பாருங்க, 60!" திரையின் ஓரத்தில் 60 என்று பச்சையில் மின்னும். வாங்குகிறவர் வாயடைத்துப் போவார். இந்த இடத்தில்தான் அறியாமை முடிந்து வேறு ஒன்று தொடங்குகிறது.

பிசிஎஸ்எக்ஸ்2-ல் ஈஈ சைக்கிள் ஸ்கிப் என்று ஒரு செட்டிங் உண்டு. எமோஷன் எஞ்சினின் வேலையில் கொஞ்சத்தைச் செய்யாமலேயே தாண்டிவிடுவது அதன் வேலை. அதை ஏற்றிவிட்டால் எண்ணிக்கை 60 காட்டும், ஆட்டமோ உள்ளுக்குள் பாதி ஃப்ரேமை விழுங்கிவிட்டுத் தத்தித் தத்தி நகரும். பழைய பதிப்புகளில் இந்த மாதிரி வேகத் தந்திரங்களுக்கான பக்கத்திலேயே ஃப்ரேம் எண்ணிக்கை பொய்யாகக் காட்டலாம் என்று எச்சரிக்கை இருந்தது. இதை ஏற்றி வைத்துவிட்டு 60-ஐக் காட்டி விற்கிறவரை நான் செட்டிங் தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே தெரிந்தவர்.

செட்டிங்கில் கள்ளம் இல்லாவிட்டாலும் அந்த 60 ஒரு சராசரி. நொடிக்குள் ஒரு ஃப்ரேம் மட்டும் நேரம் தவறி நூறு மில்லிசெகண்ட் நின்றாலும் கை அதை உணரும். நீண்ட சராசரியில் அது கரைந்துபோகும். இன்னொரு பக்கம், பல ஆட்டங்கள் மூல இயந்திரத்திலேயே 30-ல் ஓடியவை, ஐரோப்பியப் பதிப்புகள் 50-க்கானவை. 50 காட்டினால் குறை என்றும் 60 காட்டினால் நிறைவு என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பார்க்க வேண்டியது வேக சதவீதம். அது நூறிலேயே நிற்கிறதா, கனமான கட்டத்தில் எண்பதுக்கு விழுகிறதா? ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் என்ற 2005-ஆம் ஆண்டு ஆட்டம் அசல் பிளேஸ்டேஷன் 2-லேயே ராட்சதர்கள் வரும் இடங்களில் திணறியது. வேகம் நூறு சதவீதமாக இருந்தும் அங்கே படம் கனத்தால், அது உங்கள் கம்ப்யூட்டரின் குறை இல்லை, அசலின் உண்மை.

நினைவை நம்பியும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு நம் ஊரே சாட்சி. தொண்ணூறுகளில் இங்கே டிவி கேம் என்ற பெயரில் கேசட் போட்டு ஆடிய பெட்டிகள் நிண்டெண்டோவின் நகல்கள். நம் டிவி பால் (PAL) முறை, நொடிக்கு 50. கான்ட்ரா ஆட்டத்தின் அமெரிக்கப் பதிப்பு 60-க்கு எழுதப்பட்டது. நாற்பதைத் தாண்டிய அண்ணன்மார் இன்றைக்கு அதை எமுலேட்டரில் போட்டுவிட்டு "ரொம்ப ஸ்பீடா ஓடுதுடா, பழைய மாதிரி இல்ல" என்கிறார்கள். எமுலேட்டர் சரியான வேகத்தில்தான் ஓட்டுகிறது. இவர்கள் சிறு வயதில் ஆடியதுதான் மெதுவான ஆட்டம்.

யூடியூப் ஆதாரம் பற்றி ஒரு வார்த்தை. "இதே ஐ7, இதே கார்டு, வீடியோவில் ஓடுது பாருங்க" என்பார் நண்பர். ஆட்டத்தின் எந்தக் கட்டம், எந்த எமுலேட்டர் பதிப்பு, எத்தனையாவது தடவை ஓட்டியது என்று அந்த வீடியோ சொல்கிறதா? ஒவ்வொரு புதுக் காட்சியும் முதல்முறை வரும்போது கிராபிக்ஸ் கார்டுக்கான சிறு நிரல்களை அங்கேயே தயாரிக்க வேண்டியிருப்பதால் பல எமுலேட்டர்கள் அந்தக் கணம் உதறும். டால்ஃபின் குழு இந்த ஒரு உதறலைப் போக்க ஊபர்ஷேடர் என்ற ஏற்பாட்டை எழுதி 2017-ல்தான் வெளியிட முடிந்தது. ஒருமுறை ஓட்டித் தயாராகிவிட்ட கம்ப்யூட்டரில் இரண்டாம் முறை படம்பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். கடையின் டெமோவும் அதே வகை.

இவை எல்லாமே உலகத்தில் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. நண்பர் அதைப் பற்றி மூச்சே விடுவதில்லை. பஞ்சு.

நிட்டிங் கம்பெனியிலும் கட்டிங் டேபிள் பக்கத்திலும் காற்றில் மிதக்கும் நூல் தூசியை இந்த ஊர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கீழே பவர் டேபிள், மேலே வீடு என்று வாழ்கிற குடும்பங்களில் அந்தத் தூசி மாடிக்கும் ஏறும். கம்ப்யூட்டர் ஃபேன் அதை இழுத்து, பிராசசர் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அடைத்துவிடும். திறந்து பார்த்தால் சில டப்பாக்களில் ஃபேனுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு மெத்தையே இருக்கும். சாம்பல் நிறத்தில், அழுத்தமாக, பிய்த்தெடுத்தால் துணி போலவே வரும். காற்று போக வழி இல்லை. சூடு ஏறி நூறு டிகிரியை நெருங்கும்போது சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். 3.4 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் கீழே இறங்கும். அதனால்தான் பையன்கள் சொல்லும் புகார் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது: "மொதல்ல நல்லாத்தான் ஓடுதுங்கண்ணா, ஒரு மேட்ச் முடிஞ்சதும் இழுக்குது." ஏ.சி. ஓடும் கடையில் ஐந்து நிமிடம் காட்டிய டெமோவில் இது தெரிய வாய்ப்பே இல்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆபீஸில் எக்செல் ஓட்டிக்கொண்டு பத்து வருடம் கிடந்த டப்பாவாக இருந்தால் பிராசசருக்கு மேலே தடவிய பசையும் காய்ந்து மண்ணாகியிருக்கும். கழற்றி, துடைத்து, புதுப் பசை வைத்து, புளோயர் அடித்தால் முடிகிற வேலை. வெளியே கேஸை பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்க நேரம் இருக்கிற கடைக்கு இதற்கு நேரம் இல்லையாம். லேப்டாப் வாங்கியவர்களுக்கு இன்னொரு சோதனை: சார்ஜரை எடுத்துவிட்டால் பல லேப்டாப்கள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகத்தைச் சுருக்கிக்கொள்ளும். கரண்ட் போன நேரத்தில் ஆடிப் பார்த்துவிட்டு எமுலேட்டரைத் திட்டாதீர்கள்.

நண்பர் ஒரு நல்ல கேள்வியும் கேட்டார், அதை மறைக்க மாட்டேன். "கவர்ன்மெண்ட் லேப்டாப்லயே பசங்க பிளேஸ்டேஷன் கேம் ஆடுனாங்களே?" உண்மைதான். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டம் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த எளிய லேப்டாப்களில் பிளஸ் டூ பையன்கள் ஆடித் தள்ளினார்கள். ஆனால் அவர்கள் ஆடியது முதல் பிளேஸ்டேஷன் ஆட்டங்கள். 2012-ல் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டர் வந்த பிறகு, சோனியின் கையடக்க இயந்திரமான பிஎஸ்பியின் ஆட்டங்கள். பிஎஸ்பியின் பிராசசர் உச்சபட்சம் 333 மெகாஹெர்ட்ஸ். பிளேஸ்டேஷன் 2-ஐவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள்! நண்பரின் கணக்குப்படி பிஎஸ்பிதான் கனமாக இருக்க வேண்டும். நடைமுறையில் பிஎஸ்பி ஆட்டம் சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடுகிறது, பிளேஸ்டேஷன் 2 ஆட்டமோ அந்த அரசு லேப்டாப்களைத் திணறடித்தது. தன் வாதத்துக்குத் துணையாக அவர் கூட்டிவந்த சாட்சி அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது.

"ஹார்டு டிஸ்க்கில் ஐநூறு கேம் ஃப்ரீ" என்று சேர்த்து விற்பதையும் இந்தச் சந்தடியில் விட்டுவிட முடியாது. எமுலேட்டர் என்ற மென்பொருள் சட்டவிரோதம் கிடையாது. அமெரிக்காவில், எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில் 2000-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர்காரர் பக்கம் நின்றது. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் முறையாக வாங்கியவர் தன் பாதுகாப்புக்கு நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. தன் டிஸ்க்கைத் தானே நகலெடுப்பதும், ஊராருடைய ஐநூறு ஆட்டத்தை வணிகமாக விற்பதும் ஒன்றாகாது. அதற்கும் மேலே, பிளேஸ்டேஷனின் உள் மென்பொருளான பயாஸ் கோப்பையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அது சொந்த பிளேஸ்டேஷனிலிருந்து எடுக்க வேண்டியது.

கடைசியாக நண்பர் சலித்துக்கொண்டு சொன்னதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. பனியன் கம்பெனிக்குப் போகிற வீட்டுப் பையன் ஆடும் விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்றார். இதே நண்பர் கழிவு பீஸ் வாங்கும்போது ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுகிறவர். பையரிடம் போகும் சாம்பிளைத் துவைத்து, காயவைத்து, அளந்து, சுருக்கம் பார்த்து அனுப்பும் ஊர் இது. வெளிநாட்டுக்காரன் ஆர்டருக்கு அத்தனை பரிசோதனை, நம் வீட்டுப் பணத்துக்கு ஒரு ஸ்டிக்கர் போதும் என்றால் அந்த மனசுக்கு என்ன பெயர் வைப்பது? ஒரு ஷிப்ட் நின்று சம்பாதித்த பணம், விளையாட்டுக்குச் செலவானாலும் பணம்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. நீங்கள் ஆடவிருக்கும் ஆட்டத்தை, உங்கள் டிஸ்க்கிலிருந்து எடுத்த நகலை, பென் டிரைவில் கொண்டுபோங்கள். எமுலேட்டரைத் தொடக்க நிலை செட்டிங்குக்கு மாற்றச் சொல்லுங்கள். சைக்கிள் ஸ்கிப் இருந்தால் அதோடு ஒழிந்துவிடும். திரையில் வேக சதவீதத்தையும் ஈஈ (எமோஷன் எஞ்சின்), ஜிஎஸ் (கிராபிக்ஸ் சிந்தசைசர்), வியு (வெக்டர் யூனிட்) சதவீதங்களையும் காட்டச் சொல்லுங்கள். மெனுவைப் பார்த்து மயங்காதீர்கள். மல்யுத்த ஆட்டமானால் ரிங்கில் ஆறு பேரை இறக்குங்கள், கார் ஆட்டமானால் மழையிலும் கூட்டத்திலும் ஓட்டுங்கள். வேகம் நூறுக்குக் கீழே விழும்போது ஈஈ நூறைத் தொட்டு நின்றால் பிராசசர் போதவில்லை. எந்தக் கார்டைச் செருகினாலும் சரியாகாது. படத்தின் அளவை அசல் அளவுக்கு இறக்கியதும் வேகம் மீண்டுவிட்டால் தடுத்தது கார்டு. பிறகு வேகக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். 180 சதவீதத்துக்கு ஏறினால் கையிருப்பு இருக்கிறது. 105-லேயே நின்றால் உங்கள் வீட்டு வெயிலிலும் பஞ்சிலும் அது நூறைத் தொடாது. இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் முடிக்காமல் அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஓட விட மறுக்கிற கடையில் பில் போடாதீர்கள்.